எபிக் ஃபேண்டஸி நாவலில் யார் கண்ணால் கதை சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய ஃபேண்டஸி நாவல் எழுத உட்காருகிறவர்கள் முதலில் வரைபடம் போடுகிறார்கள். அப்புறம் அரச வம்சத்துக்கு நாலு தலைமுறை வரலாறு, மந்திரத்துக்கு விதிமுறைகள், கடவுள்களுக்குப் பெயர்கள். இதெல்லாம் முடிந்து முதல் அத்தியாயத்துக்கு வரும்போதுதான் சிக்கல் தெரிகிறது: இத்தனை பெரிய உலகத்தை யார் கண்ணால் காட்டுவது? இந்த விஷயத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணம் சொல்லும் இடங்களில் சில புகழ்பெற்ற நாவல்களின் திருப்பங்கள் வெளிப்பட்டுவிடும். இன்னும் படிக்காதவர்கள் சுதாரித்துக்கொள்ளுங்கள்.

பார்வைப் பாத்திரம் என்றால் கதாநாயகன்தானே?

பல நேரம் ஆம், ஆனால் கட்டாயம் இல்லை. ஒரு அத்தியாயத்தில் நாம் யார் மனசுக்குள் உட்கார்ந்திருக்கிறோமோ அவர்தான் பார்வைப் பாத்திரம். அவர் பார்ப்பதைத்தான் பார்க்கிறோம், அவருக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும். கதையை நகர்த்துகிறவர் வேறு ஒருவராக இருக்கலாம். 'பொன்னியின் செல்வ'னில் தலைப்பு அருள்மொழிவர்மனுடையது. ஆனால் வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வந்து கதையைத் திறந்து வைப்பவன் வந்தியத்தேவன். சோழ நாட்டுக்குப் புதியவன், ஓலை கொண்டு போகிறவன், எதைக் கண்டாலும் 'இது என்ன?' என்று கேட்கிறவன். அரண்மனைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த ஒருவரிடமிருந்து ஆரம்பித்திருந்தால் கல்கி எத்தனை பக்கம் விளக்கவுரை எழுத வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எத்தனை பேர் இருக்கலாம்?

எண்ணிக்கைக்கு விதி கிடையாது, கணக்கு உண்டு. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' (1996) நாவலில் முன்கதையை விட்டால் 72 அத்தியாயங்கள், 8 பார்வைப் பாத்திரங்கள். அத்தியாயத் தலைப்பே அந்தப் பாத்திரத்தின் பெயர்தான். நெட் ஸ்டார்க்குக்கு 15, கேட்லினுக்கு 11, டெனேரிஸுக்கு 10, சின்னப் பெண் ஆர்யாவுக்கு வெறும் 5. சமமாகப் பங்கு போடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எட்டுப் பேரில் ஏழு பேர் கதையின் தொடக்கத்தில் ஒரே கோட்டையில், வின்டர்ஃபெல்லில் இருக்கிறார்கள். டெனேரிஸ் மட்டும் கடலுக்கு அப்பால். ஆகவே பார்வை மாறினாலும் வாசகர் புது ஊர், புது ஆட்கள் என்று திணறுவதில்லை. ஏற்கெனவே தெரிந்த கூடத்தை இன்னொருவர் கண்ணால் பார்க்கிறார். பின்னால் இவர்கள் திசைக்கொருவராகப் பிரியும்போது வாசகருக்கு எல்லோரும் பழக்கமாகிவிட்டார்கள். முதல் ஆறு அத்தியாயங்களில் ஆறு நாடு, ஆறு ஆள், ஆறு பிரச்சினை என்று தொடங்கும் கைப்பிரதிகள் கவிழ்வது இங்கேதான்.

இணையத்தில் தொடராக எழுதுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. வாரம் ஒரு அத்தியாயம், ஆறு பார்வை என்றால் ஒரு பாத்திரத்தை விட்டு அதே பாத்திரத்துக்குத் திரும்ப ஒன்றரை மாதம் ஆகும். அதற்குள் வாசகர் பெயரையே மறந்துவிடுவார். தொடருக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று என்பது என் அபிப்பிராயம்.

சரி, யாரைத் தேர்ந்தெடுப்பது?

'இந்தக் காட்சியில் யாருக்கு அதிக இழப்பு, அவரை எடு' என்று ஒரு பொது ஆலோசனை உண்டு. மோசமில்லை, ஆனால் அரைகுறை. என்னைக் கேட்டால், பார்வைப் பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது வாசகரிடம் எதை மறைக்கப் போகிறோம் என்று முடிவு செய்வது. காட்டுவது தானாக நடந்துவிடும்.

ஒரு உதாரணம் வைத்துப் பார்ப்போம். கற்பனைதான். ஒரு கோட்டை, உள்ளே அறுநூறு பேர், வெளியே எதிரிப் படை, முற்றுகை தொடங்கி நாற்பது நாள். கோட்டைத் தலைவி இளவேனி யாருக்கும் தெரியாமல் எதிரியோடு பேசி முடித்துவிட்டாள்: நாளை விடியலில் கதவு திறக்கும். இன்றிரவு வீரர்களுக்கு விருந்து வைக்கச் சொல்கிறாள். இந்த விருந்தை யார் கண்ணால் எழுதுவது?

தளபதி ஆதன் கண்ணால் எழுதினால் இது படைக்கு உற்சாகமூட்டும் விருந்து. அவனுக்கு ஒன்றும் தெரியாது. வாசகருக்கும் தெரியாது. மறுநாள் கதவு திறக்கும்போது அதிர்ச்சி கிடைக்கும். அதோடு சரி, அந்த இரவு முழுக்கப் பதற்றமே இருக்காது.

இளவேனி கண்ணால் எழுதினால் எல்லாம் தெரிந்துவிடும். அவள் மனசுக்குள் இருந்துகொண்டே ஒப்பந்தத்தை மறைத்தால் மறுநாள் வாசகர் உங்களை நம்ப மாட்டார். இருபது பக்கம் அவளோடு இருந்தேன், ஒரு தடவைகூட அதை நினைக்கவில்லையா என்று கேட்பார். நியாயமான கேள்வி.

மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறாள். களஞ்சியக் கணக்கு பார்க்கும் நாச்சி. மகன் மதில்மேல் காவலில் நிற்கிறான். அவளுக்கு ஒப்பந்தம் பற்றித் தெரியாது. ஆனால் குதிரில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்பது அவளுக்குத்தான் தெரியும்:

நாச்சி மரக்காலைக் கவிழ்த்து வைத்தாள். பத்துக் கலம். ஒரே ராத்திரிக்கு. நேற்றுவரை ஆளுக்கு அரை நாழிக்கு மேல் ஒரு பிடி கொடுத்தாலும் தலைவியார் கூப்பிட்டுக் கேட்பார். இன்று வந்தவர், 'அளக்க வேண்டாம், கேட்கிறவர்களுக்குக் கேட்கிற மட்டும் கொடு' என்று சொல்லிவிட்டுக் குதிர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். மடைப்பள்ளிப் பையன்கள் சிரித்துக்கொண்டே மூட்டைகளைத் தூக்கினார்கள். மூன்று நாள் சோறு. நாளைக்கும் மறுநாளைக்கும் யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை என்றால், நாளைக்கு என்ன நடக்கப் போகிறது?

இதில் யாரும் பொய் சொல்லவில்லை, எழுத்தாளரும் எதையும் ஒளிக்கவில்லை. அறுநூறு பேருக்கு அரை நாழி வீதம் நாளுக்கு முந்நூறு நாழி. பத்துக் கலம் என்றால் தொள்ளாயிரத்து அறுபது நாழி. கணக்குப் பார்க்கிற பெண் என்பதால் விடை அவளுக்கு வந்துவிடுகிறது. வாசகர் அவளோடு சேர்ந்து கண்டுபிடிக்கிறார், விடிகிறவரை மதிலில் நிற்கும் மகனுக்காகப் பயப்படுகிறார். பாதி தெரிந்தவர், மீதியை ஊகிக்கும் திறமை உள்ளவர், ஊகித்தது உண்மையானால் எதையாவது இழக்கப் போகிறவர். இப்படி ஒருவர் காட்சிக்குள் இருந்தால் அவரை விடாதீர்கள். இல்லாவிட்டால் உருவாக்க முடியுமா என்று பாருங்கள்.

முடிசூடிய அரசனே கதையின் மையம். அவனுக்குப் பார்வை கொடுக்காமல் இருக்க முடியுமா?

தாராளமாக முடியும். மார்ட்டின் தொடரில் ராப் ஸ்டார்க் அரசனாகிறான், போர்களை ஜெயிக்கிறான், காதலித்துக் கல்யாணம் செய்து கூட்டணியை உடைக்கிறான். அவனுக்கு ஒரு அத்தியாயம்கூடக் கிடையாது. அவனைப் பெரும்பாலும் தாய் கேட்லின் கண்ணால்தான் பார்க்கிறோம். அதனால் அவன் நமக்கு வெற்றி வீரனாகத் தெரிவதற்கு முன்னாலேயே சொல் கேட்காத பிள்ளையாகத் தெரிகிறான். 'எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வார்ட்ஸ்' (2000) நாவலில் ஒரு கல்யாண விருந்தில் ராப் கொல்லப்படுவதும் கேட்லின் அத்தியாயம்தான். மகன் கண்ணால் எழுதியிருந்தால் ஒரு அரசனின் சாவாக நின்றிருக்கும். தாய் கண்ணால் எழுதியதால்தான் வாசகர்கள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

அதே தொடரில் அரியணைக்கு உரிமை கோரும் ஸ்டானிஸ் விஷயமும் இப்படித்தான். சிரிக்கவே தெரியாத, தன் உரிமையில் ஒரு இம்மி விட்டுக்கொடுக்காத ஆள். அவனை டாவோஸ் என்கிற பழைய கள்ளக்கடத்தல்காரன் கண்ணால் காட்டுகிறார்கள். விரல் நுனிகளை வெட்டியும் பதவி கொடுத்தும் ஆட்கொண்ட எஜமானன் மேல் டாவோஸுக்கு இருக்கும் பக்தி இல்லாவிட்டால் ஸ்டானிஸைச் சகித்துக்கொள்ள நமக்குக் காரணமே கிடையாது.

எல்லாம் தெரிந்த குரு, ஒற்றர் தலைவன், மந்திரவாதி... இவர்களுக்கு?

வேண்டாம். நிறையத் தெரிந்தவர் வாயைத் திறந்தால் மர்மம் போய்விடும், திறக்காவிட்டால் ஏமாற்று வேலை. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் மந்திரவாதி காண்டால்ஃப் என்ன நினைக்கிறார் என்று டோல்கீன் சொல்லிக்கொண்டே வந்திருந்தால், ஒன்றும் தெரியாத குட்டி மனிதர்களான ஹாபிட்டுகளுக்கு அந்தப் புத்தகத்தில் என்ன வேலை?

வில்லனுக்கு?

வில்லன் எந்த வகை என்பதைப் பொறுத்தது. டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' (1954–55) நாவலில் சாரோன் கிட்டத்தட்ட மேடைக்கே வருவதில்லை. தூரத்தில் இருப்பதே அவன் பலம். அவன் காலையில் எழுந்து என்ன யோசிக்கிறான் என்று ஒரு அத்தியாயம் எழுதினால் அந்தப் பயம் அன்றோடு தீர்ந்தது.

மனித வில்லனுக்குக் கொடுக்கலாம், ஆனால் தாமதித்து. மார்ட்டினின் முதல் நாவலில் ஒரு சிறுவனை ஜன்னலிலிருந்து தள்ளிவிட்ட ஜேமி லானிஸ்டர், மூன்றாவது நாவலில்தான் தன் கண்ணால் பேசத் தொடங்குகிறான். அதற்குள் நாம் அவனை முழுசாக வெறுத்து முடித்துவிட்டோம். அந்த வெறுப்பை வைத்துக்கொண்டு அவன் ஏன் தான் காக்க வேண்டிய ராஜாவையே கொன்றான் என்று கேட்கும்போது நமக்கே சங்கடமாகிறது. முதல் அத்தியாயத்திலேயே அவன் பக்கக் கதையைச் சொல்லியிருந்தால் இந்தச் சங்கடம் வாய்த்திருக்காது.

தன்மையில் எழுதுவதா, படர்க்கையில் எழுதுவதா?

ஒரே கண் என்றால் தன்மை நன்றாக வரும். ராபின் ஹாபின் 'அசாசின்ஸ் அப்ரென்டிஸ்' (1995) முழுவதும் ஃபிட்ஸ் என்பவன் 'நான்' என்று சொல்லும் கதை. பல கண் என்றால் படர்க்கைதான் நிர்வகிக்க எளிது. ஐந்து பேர் 'நான்' 'நான்' என்றால் வாசகர் அத்தியாயத் தலைப்பைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டி வரும். முன்னிலையில், அதாவது 'நீ' என்று விளித்து, என். கே. ஜெமிசின் 'தி ஃபிப்த் சீசன்' (2015) நாவலின் மூன்று கதை இழைகளில் ஒன்றை எழுதி ஹியூகோ விருது வாங்கினார். அதற்குக் கதைக்குள்ளேயே வலுவான காரணம் வைத்திருக்கிறார். உங்களிடம் காரணம் இருந்தால் நீங்களும் எழுதுங்கள்.

தமிழில் எழுதும்போது 'அவன்', 'அவர்' குழப்பம் வருகிறதே, என்ன செய்வது?

இது குழப்பம் என்று நினைக்கிறவர்கள் கையில் கிடைத்த நல்ல ஆயுதத்தைக் கீழே போடுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அரசனும் குதிரைக்காரனும் ஒரே பிரதிப்பெயர்தான். நமக்கு அப்படியில்லை. ஒருவர் 'வந்தானா', 'வந்தாரா' என்பதிலேயே பார்க்கிறவர் யார் என்பது தெரிந்துவிடும்.

மேலே உள்ள கோட்டை உதாரணத்தில் நாச்சியின் அத்தியாயத்தில் இளவேனி 'தலைவியார்', 'போனார்'. அதே இளவேனி தன் அத்தியாயத்தில் 'இளவேனி', 'போனாள்'. அவளுடைய அண்ணன் அத்தியாயத்தில் 'தங்கச்சி', ஒருவேளை 'சின்னவள்'. எதிரித் தளபதியின் அத்தியாயத்தில் 'அந்தக் கோட்டைக்காரி'. அத்தியாயத் தலைப்பில் பெயர் போடாமலே இரண்டாவது வரியில் வாசகர் இடத்தைப் பிடித்துவிடுவார். இன்னும் ஒரு படி போகலாம். ஒப்பந்தம் வெளிப்பட்ட மறுநாள், நாச்சியின் அத்தியாயத்தில் 'தலைவியார்' சட்டென்று 'அவள்' ஆகட்டும். கோபம் வந்தது, மரியாதை போனது என்று விளக்கி எழுத வேண்டாம். விகுதி சொல்லிவிடும்.

கல்கியின் வழி வேறு. அங்கே மரியாதையைத் தீர்மானிப்பவர் ஆசிரியர். வந்தியத்தேவன் 'வந்தான்', பழுவேட்டரையர் 'வந்தார்' என்பது கதை சொல்பவருடைய கணிப்பு. எல்லாம் அறிந்த கதைசொல்லிக்கு அது பொருந்தும். நெருக்கமான படர்க்கையில், அதாவது ஒருவர் மனசுக்குள் இருந்தே 'அவன்', 'அவள்' என்று எழுதிக்கொண்டு மரியாதையை மட்டும் ஆசிரியர் கையில் வைத்திருந்தால்தான் இடிக்கும்: ராஜாவைக் கொல்லப் பதுங்கியிருக்கிறவன் கண்ணில் ராஜா 'எழுந்தருளினார்' என்று வருவதைப் பார்த்திருக்கிறேன்.

சொற்களும் அப்படியே. நடை எழுத்துத் தமிழாகவே இருக்கட்டும், ஆனால் சொல் அந்த ஆளுடையதாக இருக்க வேண்டும். படகோட்டி காற்றை வாடை, கொண்டல், கச்சான் என்று பிரித்து அறிவான். அரண்மனையில் வளர்ந்தவளுக்கு அது சும்மா காற்று, கூந்தலைக் கலைக்கிற விஷயம்.

ஒரே காட்சியில் இரண்டு பேர் மனசுக்குள்ளும் போகலாமா?

ஆசிரியர் குரல் ஒன்று முதல் பக்கத்திலிருந்தே பேசிக்கொண்டிருந்தால் போகலாம். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டூன்' (1965) ஒரே விருந்து மேசையில் பல மனங்களுக்குள் தாவுகிறது. தமிழ் வாசகர்களுக்கு 'வாசகர்களே' என்று கூப்பிட்டுப் பேசும் ஆசிரியரிடம் பழக்கம் அதிகம், ஆகவே உறுத்தாது. ஆனால் நூறு பக்கம் ஒருவர் மனசுக்குள்ளேயே வைத்திருந்துவிட்டு, வசதிக்காக ஒரு பத்தி மட்டும் எதிரில் நிற்பவர் மனசுக்குள் போய் வந்தால் அது கவனக்குறைவாகத்தான் தெரியும்.

எல்லாவற்றையும் பார்ப்பவர் ஒருவர் வேண்டும், ஆனால் வெறும் ஆசிரியர் குரலாகவும் இருக்கக் கூடாது என்றால் மகாபாரதத்தில் வழி இருக்கிறது. வியாசர் தந்த பார்வையால் சஞ்சயன் குருக்ஷேத்திரம் முழுவதையும் காண்கிறான். ஆனால் அவன் யாரிடம் சொல்கிறான்? கண் தெரியாத திருதராஷ்டிரனிடம். செத்துக்கொண்டிருப்பவர்கள் கேட்பவனின் பிள்ளைகள். அதிலும் பீஷ்ம பர்வத்தில் சஞ்சயன் வந்ததும் முதலில் சொல்வது பீஷ்மர் வீழ்ந்தார் என்ற முடிவைத்தான். பிறகுதான் முதல் நாளிலிருந்து கதை. முடிவு தெரிந்த பிறகும் பத்து நாள் யுத்தத்தைக் கேட்க வைப்பது அந்தத் தகப்பன் அங்கே உட்கார்ந்திருப்பதுதான். பார்ப்பவரைத் தேர்ந்தெடுத்த பிறகு, கேட்பவர் ஒருவர் வேண்டுமா என்றும் யோசியுங்கள். நம் வீட்டுச் சொத்து இது, ஃபேண்டஸி எழுதுகிற நம் ஆட்கள் ஏனோ அதிகம் தொடுவதில்லை.

பார்வைப் பாத்திரத்தைக் கொல்லலாமா?

நெட் ஸ்டார்க்குக்குப் பிறகு எல்லோருக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. 15 அத்தியாயம் பெற்றவன், புத்தகத்திலேயே அதிகம், முதல் பாகம் முடிவதற்குள் தலை போகிறது. வெட்டு விழும் காட்சி அவன் அத்தியாயத்தில் இல்லை, கூட்டத்தில் நிற்கும் மகள் ஆர்யாவின் அத்தியாயத்தில் இருக்கிறது. கொல்வதற்கு முன்னால் அந்தச் சாவைத் தாங்கிக்கொள்ள இன்னொரு கண்ணைத் தயார் செய்திருக்கிறார் மார்ட்டின். அந்தக் கண் இல்லாமல் அதிர்ச்சிக்காக மட்டும் கொன்றால், அடுத்த அத்தியாயத்துக்குப் போக வாசகருக்கு ஆள் இருக்காது.

பாதிக் கதையில் புதுப் பார்வை சேர்க்கலாமா?

சேர்க்கலாம், விலை உண்டு. மார்ட்டினின் நாலாவது நாவல் (2005) பல புதுக் கண்களைக் கொண்டு வந்தது, ஆனால் கதை பெருத்துப் போனதால் ஜான், டெனேரிஸ், டிரியன் மூவரும் அடுத்த பாகத்துக்குத் தள்ளப்பட்டார்கள். 2000இல் அவர்களை விட்ட வாசகர் 2011இல்தான் அவர்கள் அத்தியாயங்களைப் படித்தார். அவ்வளவு பொறுமையுள்ள வாசகர்கள் நமக்கு இருக்கிறார்களா?

உலகத்தின் வேறு மூலையை ஒரு தடவை காட்டினால் போதும் என்றால் பிராண்டன் சாண்டர்சன் 'தி வே ஆஃப் கிங்ஸ்' (2010) நாவலில் செய்ததைப் பாருங்கள். பெரும் பகுதிகளுக்கு நடுவே இடைவேளை அத்தியாயங்கள். பெரும்பாலும் வந்து ஒரு முறை பேசிவிட்டுப் போகும் ஆட்கள். இது இடைவேளை என்று தலைப்பிலேயே சொல்லிவிடுவதால், இவரையும் நினைவில் வைக்க வேண்டுமோ என்ற பயம் வாசகருக்கு வராது.

இரண்டு பார்வைகளில் ஒன்றை வாசகர்கள் தாண்டிப் போகிறார்கள். அதை எடுத்துவிடவா?

முதலில் அந்த அத்தியாயங்கள் எங்கே முடிகின்றன என்று பாருங்கள். ஒவ்வொன்றும் தொங்கலில் முடிந்து அடுத்தவருக்குத் தாவினால், வாசகர் அடுத்தவர்மேல் எரிச்சல்படுவது இயற்கை. டோல்கீன் இரண்டாம் தொகுதியில் ஹாபிட்டுகளான ஃப்ரோடோவையும் சாமையும் ஒரு முழுப் பாகத்துக்கு மறைத்துவிடுகிறார். அதேபோல ஃப்ரோடோ எதிரி கையில் சிக்கிய இடத்தில் அவர்களை விட்டுவிட்டு வேறு பக்கம் போகிறார். அந்தப் பக்கம் எதிரி நாட்டின் கறுப்பு வாயிலில் எதிரியின் தூதன் ஃப்ரோடோவின் மித்ரில் என்னும் அபூர்வ உலோகக் கவசத்தை எடுத்துக் காட்டும்போது, அங்கே நிற்பவர்களுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது: சாம் அவனை மீட்டானா இல்லையா? அடுத்தவர் கதைக்குள்ளும் முந்தையவர் கேள்வியே ஓடுவதால் யாரும் பக்கத்தைத் தள்ளுவதில்லை. உங்கள் இரண்டு கதைகளும் இப்படி ஒன்றின் கேள்வியை ஒன்று சுமக்கவில்லை என்றால், எடுத்துவிடலாம். ஒருவேளை அது தனி நாவல்.

இருநூறு பக்கம் எழுதிவிட்டேன். தவறான ஆளைப் பிடித்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

முழுசையும் அழிக்காதீர்கள். கதையில் மிக முக்கியமான ஒரே ஒரு காட்சியை எடுத்து, அங்கே இருக்கும் வேறு இருவர் கண்ணால் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். நாலு பக்கம் போதும். நீங்கள் திட்டமிடாத ஒரு தகவல் தானாக உள்ளே வந்து விழுந்தால், அரிசிக் கணக்கு மாதிரி ஏதாவது ஒன்று, அவர்தான் ஆள். இருவரிடமும் எதுவும் வரவில்லை என்றால் பழைய ஆளே சரி, பிரச்சினை காட்சியில் இருக்கிறது.